பதினேழாம் இலக்கப் பை

தவமணி அப்பிள் பைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் வழக்கமாகப் போகும் மரக்கறிக் கடை. பனி கரையத் தொடங்கியிருந்தது. வாசலில் விரித்த கடதாசி மட்டைகள் சப்பாத்துகளுக்குக் கீழே ஊறிக் கூழாகியிருந்தன. கடைக்காரர் கனடியப் பொருட்களின் விலைச்சீட்டில் எல்லாம் சிவப்பு மேப்பிள் இலை ஒட்டியிருந்தார். அமெரிக்கா வரி போடத் தொடங்கியதிலிருந்து இலை இல்லாத இடத்தில் சனம் நிற்பதில்லை. நியூயோர்க் மாநிலத்து அப்பிள் குவியலுக்கு முன்னால் நின்றது என் மனைவி ஒருத்திதான். அவளுக்குப் பின்னால், வண்டிலைப் பிடித்தபடி நான்.

"என்ன சார், நீங்களே அமெரிக்கா ஆப்பிள் வாங்கலாமா?"

பேராசிரியர் வெங்கடேசன். தமிழ்நாட்டுக்காரர். இங்கே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் புளோரிடாப் பயணத்தை நிறுத்தியிருந்தார். நிறுத்தியதைத் தெருவில் எல்லோருக்கும் அறிவித்துமிருந்தார்.

"நாங்க ஃப்ளோரிடாவையே கேன்சல் பண்ணிட்டோம். உங்களால ஒரு பை ஆப்பிளை விட முடியலையா?"

தவமணி திரும்பவில்லை. "நான் வாங்கேல்லை சேர். இலக்கம் பாக்கிறன்."

"என்ன இலக்கம்?"

"பதினேழு."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "ஒரு லொத்தர் மாதிரித்தான் சேர்," என்றேன். அவர் சிரித்துவிட்டு, இலை ஒட்டிய தக்காளிப் பக்கம் போனார்.

அன்றைக்கும் பதினேழு இருக்கவில்லை.

யார் அந்தப் பதினேழு

பையின் கழுத்தைப் பூட்டும் பிளாஸ்ரிக் கொழுவியில், திகதிக்குக் கீழே, அடுக்கியவரின் இலக்கம் சிறிதாக அடிக்கப்பட்டிருக்கும். எல்லாக் களஞ்சியங்களும் இப்படிச் செய்வதில்லை. பிரதீபன் வேலை செய்த களஞ்சியம் செய்தது. பைக்குள் அழுகிய பழம் அகப்பட்டால் யாரைக் கேட்பது என்பதற்காக.

பிரதீபன் என் தங்கை யோகத்தின் மகன். எனக்கு மருமகன். வயது முப்பத்தெட்டு. எல்லையிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தூரத்தில், நியூயோர்க் மாநிலத்தின் வடக்குப் பக்கத்தில், ஒன்பது வருடமாக அப்பிள் அடுக்கினான். நான் அவனை நேரில் கண்டதில்லை. அவனால் இங்கே வர முடியாது. நான் அங்கே போயிருக்கலாம், போகவில்லை. தொலைபேசித் திரையில் இரண்டு கம்பளித் தொப்பிகள் பேசிக்கொள்வதுதான் எங்கள் உறவு. அவனுக்குப் பின்னால் எப்போதும் குளிர் அறையின் இரைச்சல் கேட்கும்.

அவன் அங்கே போய்ச் சேர்ந்த வழியை இங்கே விரிக்கப் போவதில்லை. பல நாடுகள், ஒரு காடு, ஒரு ஆறு. அமெரிக்காவில் அகதியாக ஏற்கும்படி கேட்டான், மறுத்தார்கள். மறுத்த பிறகும் திருப்பி அனுப்பவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை தவணைக்கு வந்து கையெழுத்து வை, மற்ற நாட்களில் வேலை செய் என்று விட்டிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு தவணையையும் அவன் தவறவிட்டதில்லை. அதற்காக நான் அவனைப் பாராட்டியிருக்கிறேன். பல தடவைகள்.

சுங்கக்காரன் பார்த்த அமெரிக்கா

இந்தத் தொடரின் ஆரம்பத்திலிருந்து கூட வருபவர்களுக்கு என் தொழில் தெரியும். யாழ்ப்பாணத்தில் கச்சேரி எனப்படும் அரச செயலகத்தில் எழுதுவினைஞன். மொன்றியலில் இருபத்தாறு வருடம் ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் இருந்து, எல்லை தாண்டும் லொறிகளுக்குப் பத்திரம் தயாரித்தவன். அதனால் அமெரிக்க அரசியலை நான் படிவங்களின் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன். மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது இன்னும் உற்சாகமாகத் தெரியக்கூடும்.

அந்த நாட்டின் தலைவர் அயல்நாட்டுப் பொருட்களுக்கு வரி போடப்போவதாகச் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. அயல்நாடுதான் கட்டும் என்று அந்தக் கூட்டம் நம்பியது. அனுப்பியவன் இறக்குமதி வரி கட்டி நான் இருபத்தாறு வருடத்தில் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். வழக்கமாகக் கட்டுவது பொருளை இறக்குபவன். அவன் பெயரை எழுதப் படிவத்தில் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பெரிய நாடு அந்தப் பெட்டியை வாசிக்காமலே வாக்குப் போட்டுவிட்டது.

பிறகு எங்களைத் தங்களுடைய இன்னொரு மாநிலமாகச் சேரச் சொன்னார்கள். பேராசிரியருக்கு அதில் இரத்தம் கொதித்தது. எனக்கு அவ்வளவு கொதிக்கவில்லை. நீங்கள் எங்களுக்குள் அடக்கம் என்ற பேச்சை நாங்கள் இலங்கையில் இதைவிடச் சத்தமாக, இதைவிடக் கிட்ட நின்று கேட்டிருக்கிறோம்.

என்னை உறுத்தியது வேறொன்று. தவணைக்கு வந்தவர்களைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். தொலைக்காட்சியில் காட்டினார்கள்: கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு வரிசை முன்வாசலால் உள்ளே போகிறது. பின்வாசலால் சிலர் விலங்கோடு வருகிறார்கள். கோப்புகளைக் காணவில்லை. ஒளித்தோடுபவனைப் பிடிக்க ஆட்களும் வாகனமும் வேண்டும். கூப்பிட்டதும் வருகிறவனைப் பிடிக்க ஒரு கதிரை போதும்.

நான் கடவுளை அரைகுறையாகவும் நடைமுறையை முழுதாகவும் நம்பிய ஆள். ஒழுங்காகப் படிவம் நிரப்பியவனுக்கும் நிரப்பாதவனுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கும் என்பதுதான் அந்த நம்பிக்கை. இப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிரப்பியவனின் விலாசம் அவர்களிடம் இருக்கிறது.

பட்டியலில் மாமனும் உண்டு

நத்தார் பண்டிகை கழிந்த ஒரு நாள் பிரதீபன் தொலைபேசி எடுத்தான்.

"மாமா, இஞ்சை வேலையிலை ரெண்டு பேர் சைன் வைக்கப் போய்த் திரும்பி வரேல்லை."

"அவைக்குப் பழைய வழக்கு ஏதும் இருந்ததோ?"

"ஒண்டுமில்லை. ஒராள் எனக்குப் பக்கத்திலை நிக்கிறவர். பதினெட்டாம் நம்பர்."

அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்து எல்லையில் அகதி கேட்பவரைக் கனடா பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும். அவர் முதலில் வந்திறங்கிய பாதுகாப்பான நாடு அமெரிக்காவாம்; அங்கேயே கேட்டுக்கொள்ளட்டுமாம். இரண்டு நாடும் அப்படி ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு. கனடாவில் நெருங்கிய உறவினர் இருந்தால் உள்ளே எடுக்கலாம். தாய், தகப்பன், சகோதரம் என்று போகும் பட்டியலில் மாமனும் உண்டு. உறவை எல்லையில் வைத்தே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அதே வாசலில் அமெரிக்கர்களின் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அங்கே ஏற்கனவே கேட்டு மறுக்கப்பட்டவனுக்கு இங்கே முழு விசாரணை கிடைக்காது. ஊருக்கு அனுப்பினால் ஆபத்தா என்ற ஒரு கேள்வியை மட்டும் ஆராய்வார்கள். பரவாயில்லை. அதற்குப் பதில் வரும்வரை அவன் எங்கள் பின்னறையில் படுத்திருப்பான்.

இதையெல்லாம் நான் அவனுக்கு அரை மணி நேரம் விளக்கினேன்.

"அப்ப நான் லகோல் எல்லைக்கு வந்து, என்ர மாமா மொன்றியலிலை இருக்கிறார் எண்டு சொல்லவேணும்."

"சொல்லிக் காணாது. காட்டவேணும். உம்மட பிறப்புப் பத்திரம், அம்மான்ரை, என்ரை. மூண்டும் ஒண்டோடை ஒண்டு பொருந்தவேணும். அதை நான் பாக்கிறன். நீர் அவசரப்படாதேயும்."

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்று ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கோப்பு கிடைத்திருந்தது. ஸ்ரேஷனரிக் கடைக்குப் போய்ப் பத்திரங்களை வைக்க நீல மட்டை ஒன்று வாங்கினேன்.

எல்லை அதிகாரி என்னுடைய பழைய கோப்பையும் திறந்து பார்க்கலாம். அதில் என்ன இருக்கிறது என்று முதலில் நானே பார்ப்பது முறை. ஆகவே என் கோப்பின் பிரதி கேட்டு விண்ணப்பித்தேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.

என் சொந்தக் கையெழுத்து

மாசியில் ஒரு தடித்த உறை வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய என் அகதி விண்ணப்பத்தின் பிரதி. என் கையெழுத்து அன்று இன்றையதைவிட வடிவாக இருந்திருக்கிறது. நான்காம் பக்கத்தில் சகோதரர்களுக்கான பெட்டி. அண்ணன் ஒருவர், பெயரும் பிறந்த ஆண்டும். அக்கா ஒருவர், பெயரும் பிறந்த ஆண்டும். அதற்குக் கீழே, இனி யாரும் இல்லை என்பதைக் காட்ட ஒரு கோடு. அந்தக் கோட்டை அடிமட்டம் வைத்து நேராகக் கீறியிருந்தேன்.

யோகேஸ்வரி, எங்கள் யோகம், அதில் இல்லை.

யோகம் இருபத்திரண்டு வயதில், எங்கள் ஊரில் கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் சங்கக் கடையில் வேலை செய்த ஒருவரோடு வீட்டை விட்டுப் போனாள். அவர் வேறு ஆட்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, தேவைப்படுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அப்பா சத்தம் போடவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, கூப்பன் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெட்டிவிடு."

பங்கீட்டுக் கூப்பனிலிருந்து ஒருவரின் பெயரை நீக்க ஒரு படிவம் இருந்தது. ஆள் இறந்தால், அல்லது வேறு வீட்டுக்குப் போனால். அதை நிரப்பியவன் நான்தான். காரணம் என்ற இடத்தில் 'இவ்வீட்டில் இல்லை' என்று எழுதினேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. உத்தியோகத்தில் நான் எழுதிய மிகத் திறமான வசனம் அதுதான் என்று அன்று நினைத்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு மொன்றியலில், நாலு பேர் ஒரு அறையில், சூடாக்கியின் மேல் காலுறைகள் காய்ந்துகொண்டிருக்க, இந்த விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்பா உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தார். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. ஒரு வீட்டுக் கோபத்தை எடுத்துப்போய் அந்நிய நாட்டின் அரசாங்கப் பெட்டிக்குள் எழுதிவைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். பேனை தயங்கவில்லை. அடிமட்டத்தைத் தேடி எடுத்ததுகூட எனக்கு இப்போது நினைவு வருகிறது.

யோகத்தின் கணவரை யுத்தம் கொண்டுபோனது. அவள் ஒரு பிள்ளையோடு இடம் இடமாக ஓடினாள். கடைசியில் எங்கள் அம்மாவையும் அவள்தான் தன்னோடு கூட்டிக்கொண்டு ஓடினாள். யுத்தம் முடிந்து சில காலத்தில் ஒரு அழைப்பு வந்தது. "அண்ணை, அம்மா எங்களை விட்டுப் போட்டா," என்றது ஒரு குரல். யார் கதைக்கிறது என்று கேட்டேன். "யோகம்," என்றாள்.

அன்றிலிருந்து கதைக்கிறோம். எதையும் நான் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அனுப்பாமல் இருந்த கட்டு

ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில் இருக்கும் வழக்கறிஞரிடம் போனேன். முப்பது வயதுக்குள் ஒரு கியூபெக் பெண். நான்காம் பக்கத்தைப் பார்த்தார். அதிர்ச்சியைக் காட்டவில்லை. இப்படி நடப்பதுண்டு, மெஸ்யூ, என்றார்.

அவர் சொன்னது இதுதான். நடந்ததை ஒரு சத்தியக் கடதாசியாக எழுதுங்கள். மற்றப் பத்திரங்களோடு வைத்து மருமகனுக்கு அனுப்புங்கள். இந்த வாரமே எல்லைக்கு வரச் சொல்லுங்கள். பத்திரம் ஒன்று குறைவதைவிட நாள் பிந்துவதுதான் ஆபத்து.

சத்தியக் கடதாசியை அங்கேயே எழுதினோம். எனக்கு யோகேஸ்வரி என்ற தங்கை உண்டு. குடும்பக் கோபத்தினால் அவள் இல்லையென்று எழுதினேன். பிரதீபன் அவளுடைய மகன். ஒரு பக்கம்கூட வரவில்லை. கையை உயர்த்திச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பத்திரக் கட்டைப் பிரதீபன்தான் எல்லையில் தன் கையால் கொடுக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்க முடியாது; அதிகாரி கேட்பார். ஆகவே அவன் வாசிப்பான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா, மாமா என்று எடுக்கிற பிள்ளை, அவனுடைய தாயை நான் என்ன செய்தேன் என்று வாசிப்பான்.

நான் கட்டை அனுப்பவில்லை.

காரணங்கள் இருந்தன. என்னிடம் எப்போதும் இருக்கும். யோகம் தன் பிறப்புப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எனக்குப் புது முத்திரையோடு மூலம் வேண்டியிருந்தது.

"அது என்னத்துக்கு அண்ணை? உங்கடையிலையும் என்ரையிலையும் அப்பான்ர பேர் ஒண்டுதானே. அவன்ரையிலை என்ர பேர் கிடக்கு. வேறை என்ன வேணும் அவைக்கு?"

"அது ஒரு நடைமுறை."

"சரி. நாளைக்குப் பஸ் எடுத்துப் போறன். முழங்கால்தான் பிரச்சினை."

அவள் போனாள். பத்திரம் தூதஞ்சலில் வந்தது. பிறகு மொழிபெயர்ப்பாளரின் முத்திரை தெளிவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அதுவும் வந்த பிறகு, என் கோப்பை முறைப்படி திருத்தக் கேட்டுத் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். அதன் பதிலையும் கட்டில் வைத்தால் குறை சொல்ல இடமிருக்காது. பங்குனி போனது. நீல மட்டை சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தக் கட்டு இன்னும் இஞ்சைதானே கிடக்கு."

"பதில் வரட்டும்."

"என்ன பதில்?"

"என்ர கோப்பிலை ஒரு திருத்தம்."

"உங்கட கோப்பு ஒரு இடமும் ஓடாது," என்றாள் தவமணி. "அவன்ர தவணை வருது."

அவள் வாசித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் வைத்த ஒழுங்கில் பக்கங்கள் இருக்கவில்லை. கடையில் பைகளைப் புரட்டத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

செவ்வாய்க்கிழமை

ஞாயிறு பின்னேரம் பிரதீபன் எடுத்தான்.

"மாமா, செவ்வாய் எனக்குத் தவணை. நான் அங்கை போகாமல் நாளைக்கே லகோலுக்கு வரட்டே? இஞ்சை வேலை செய்யிற ஒராள் காரிலை கொண்டுவந்து விடுறன் எண்டுறார். நீங்கள் கட்டோடை அங்கை வந்து நிண்டால் சரி."

கட்டு என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. எல்லை எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

"கடதாசி இன்னும் முழுசா வரேல்லை தம்பி."

"எது வரேல்லை மாமா?"

"ஒரு பதில் வரவேணும். நீர் முதல் போய்ச் சைன் வைச்சிட்டு வாரும். தவணைக்குப் போகாட்டில் அது வேறை குற்றமாப் போகும். பேந்து ஆறுதலா இஞ்சாலை வரலாம்."

"பிரச்சினை வராதோ?"

"ஒன்பது வருசம் ஒழுங்காப் போன ஆள் நீர். எல்லாக் கடதாசியையும் கொண்டு போம். வருசப்படி அடுக்கி, மேலை தவணைக் கடிதத்தை வையும்."

குளிர் அறையின் இரைச்சல் சிறிது நேரம் கேட்டது.

"ஓம் மாமா. நீங்கள் சொன்னால் சரி."

செவ்வாய் அவன் எடுக்கவில்லை. புதனும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம், முதலில் இயந்திரக் குரல் ஒன்று ஆங்கிலத்தில் பேசியது: தடுப்பு நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு, ஏற்கிறீர்களா. பிறகு அவன்.

"மாமா, நீங்கள் சொன்ன மாதிரித்தான் அடுக்கிக் கொண்டுபோனனான். அந்தாள் மேலை கிடந்த கடிதத்தை மட்டும்தான் பாத்தவர்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. அடுக்கியது வீணாய்ப் போனது என்ற சின்னக் கவலைதான் இருந்தது. தெற்கே வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் இருக்கும் பகுதிக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் தொலைபேசி. ஒரு அழைப்புக்குப் பதினைந்து நிமிடம். அவன் சொல்லச் சொல்ல விதிகளைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை கடையில் பதினேழாம் இலக்கப் பை கிடைத்தது. திகதி, செவ்வாய்க்கு முந்திய வாரம். தவமணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காசுப் பட்டறை வரிசையில் நின்றாள். பேராசிரியர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, லாட்டரி அடிச்சிடுச்சா?"

"ஓம் சேர்," என்றாள். "அடிச்சிட்டுது."

பதில் வந்தது

சித்திரை கடைசியில் திணைக்களத்தின் பதில் வந்தது. தாங்கள் தந்த தகவல் கோப்பில் சேர்க்கப்பட்டது. இரண்டு வரி, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். இப்போது அரசாங்கத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

அன்று யோகத்துக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்காம் பக்கம், வழக்கறிஞர் சொன்னது, அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுபக்கத்தில் ஏதோ அடுப்பில் பொரிகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கூப்பன் வெட்டினது எனக்குத் தெரியும் அண்ணை," என்றாள். "சங்கக் கடையிலைதானே இவர் நிண்டவர். உங்கட எழுத்து அவருக்குத் தெரியும். வந்து சொன்னவர். இதுதான் தெரியாது."

நான் நீல மட்டையை மூடினேன்.

"பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லுங்கோ. தான் ஏன் அங்கை கிடக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியவேணும்."

இந்தப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். இதை எழுதலாமா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"அந்தப் படிவத்திலைதான் என்னைப் போடேல்லை. இதிலையெண்டாலும் போடுங்கோ."

பதினைந்து நிமிடம்

அடுத்த வியாழன் பிரதீபனுக்குச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். வாசித்தால் ஆறு நிமிடம் வந்தது. முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்டான்.

"அப்ப, அந்த ஞாயிற்றுக்கிழமை கடதாசி எல்லாம் இருந்ததோ மாமா?"

"இருந்தது."

"லோயரும் வரச் சொன்னவவோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் இருந்த இடத்தில் யாரோ கதவுகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதி வைத்தது முடிந்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் என்றது இயந்திரக் குரல். அந்த ஒரு நிமிடத்தையும் இருந்து கேட்டு முடித்தோம்.

தெற்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருக்கிறோம். அவர் நம்பிக்கை தரவில்லை. அந்த அளவில் நேர்மையான ஆள். இலங்கைக்கு அனுப்பும் விமானத்துக்கு நாள் இன்னும் வரவில்லை. எல்லையில் காட்டவேண்டிய கட்டு முழுமையாக, குறை சொல்ல இடமில்லாமல், மேசையில் இருக்கிறது. தொலைக்காட்சியில் அந்தத் தலைவர், சட்டத்தை மதிப்பவர்கள் பயப்படத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தவமணி சத்தத்தைக் குறைத்தாள்.

போன வியாழன் தொலைபேசி அடித்தபோது நான் கொப்பியும் பேனையுமாக ஆயத்தமாக இருந்தேன். தவமணி முந்திக்கொண்டாள்.

"ஓம் அப்பன், மாமிதான்... சாப்பிட்டியோ?... அதென்ன, பாணோ?... சோறு ஒரு நாளும் இல்லையோ?"

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். இதுவரை அந்த நிமிடங்கள் எல்லாம் என் கேள்விகளுக்கே போயிருந்தன. கோப்பு இலக்கம், அதிகாரியின் பெயர், அடுத்த திகதி. அவள் ஒன்றையும் கேட்டுக் குறிக்கவில்லை.

"உன்ர பை ஒண்டு கிடைச்சது, பதினேழு. பிறிஜ்ஜிலை வைச்சிருக்கிறன்... இல்லையடா, வெட்டேல்லை... ஒண்டும் பழுதாகேல்லை. நல்லாத்தான் அடுக்கியிருக்கிறாய்."

அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. மெல்லிய சத்தம்தான். பிறகு நெடுநேரம் அவனே பேசினான். அவள் ஓம், ஓம் என்றபடி மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"மாமாவும் பக்கத்திலைதான் இருக்கிறார். குடுக்கட்டே?"

கையை நீட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி அப்பன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

"நேரம் முடிஞ்சுதாம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல், எழுந்து அடுப்படிக்குப் போனபடி.

ஒரு அழைப்புக்குப் பதினைந்து நிமிடம். தொடங்கிய நேரத்தைக் கொப்பியில் குறித்திருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.